ரெண்டு புள்ளி அஞ்சு

காலை எட்டரை.
எட்டு இருபத்தொன்பது ஆகாது, முப்பத்தொன்றும் ஆகாது.
மூலனூர்ப் பக்கம் வெள்ளாங்காட்டுவலசு,
குறுவட்ட அலுவலகத்துக்குப் பின்னால்
முள்கம்பிக்குள் நிற்கிறது மழைமானி.
பூட்டும் சாவியும் என் பொறுப்பு.
ராத்திரியெல்லாம் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருக்கும் மயில்
யார் பொறுப்பு என்று ஆணையில் இல்லை.

புனல் வாய் இருநூறு சதுர சென்டிமீட்டர்.
அதற்குள் விழுந்தால்தான்
பதினோரு ஊருக்கும் மழை.
ரோட்டுக்கு அக்கட்டால கொட்டியது
வெறும் தண்ணி.

வால்பாறை எஸ்டேட்டில் அப்பா
மழையை சென்ட்டில் சொல்வார்,
ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கி.
கட்டிக்கொண்டு இங்கே வந்த முதல் வாரம்
மாமனார் யாரிடமோ போனில்
"முந்நூறு சென்ட்டுங்க" என்றார்.
ஓடிப்போய்த் துணி எடுத்தேன்.
மூன்று ஏக்கர் கொறங்காட்டுக்கு
விலை பேசிக்கொண்டிருந்தாராம்.

வீட்டுக்காரருக்குக் காற்றாலையில் வேலை.
அவர் காற்று விநாடிக்கு இத்தனை மீட்டர்.
ரேடியோவுக்கு மணிக்கு இத்தனை கிலோமீட்டர்;
மூன்று புள்ளி ஆறால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.
மேலிடத்துத் தாளில் அது நாட்.
கடலைக்காய் தெரியும், கடல் தெரியாத காட்டில்
கடல்மைலில் அளந்து அனுப்புகிறார்கள்
எங்கள் ஆடிக்காற்றை.
போன சித்திரையில் பாப்பாவுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு,
வெயில் முப்பத்தொன்பது.
"வெளியதாம்மா கம்மி, வெளையாடப் போறேன்" என்றாள்.
முப்பத்திரண்டைக் கழித்து,
ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால்
ரெண்டும் ஒன்றுதான் கண்ணு என்று
தர்மாமீட்டரை உதறிக்கொண்டே சொன்னேன்.

பொங்கியண்ணன் கம்பிக்கு வெளியே
எக்ஸெல் வண்டியை நிறுத்துகிறார்.
மானாவாரிச் சோளம், நாலரை ஏக்கர்,
காப்பீடு கட்டியிருக்கிறார்.
இருபத்தெட்டு நாள் தொடர்ந்து
மழைநாள் இல்லையென்றால் பணம்.
மழைநாள் என்றால்
ரெண்டு புள்ளி அஞ்சு மில்லிமீட்டர்.
அதற்குக் கீழே
நனைந்தாலும் வறட்சிதான்.

இன்றோடு இருபத்தெட்டு.
நேற்று பொழுதோட இடி.

இருபத்தேழு நாளாய் வானத்தைக் கேட்டவர்
நேற்று ராத்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து
"போதும், நின்னுக்க சாமி" என்று
ஓட்டைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார்.
அவர் சம்சாரம் வஞ்சியம்மாள்
பால் ஊற்ற வந்தபோது சொன்னது.
சொல்லிவிட்டுச் சிரித்தது,
பிறகு சிரிக்கவில்லை.

"எத்தனைங் அம்மணி?"

குப்பியைக் கவிழ்த்தேன்.
அளவுக்குடுவையில் தண்ணீர்
ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நின்றது.
குழியின் அடியைப் பார்க்க வேண்டும்,
கண் கோட்டுக்கு நேராக.
மண்ணில் மண்டி போட்டேன்.
அவரும் கம்பிக்கு அந்தப் பக்கம் மண்டி போட்டார்.

புனல் விளிம்பில் ஒரு சொட்டு பாக்கி.
அது பெரிதில்லை.
புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் ஏற
நாற்பது சொட்டு வேண்டும்,
வேலையில்லாத ஒரு மத்தியானம் எண்ணியிருக்கிறேன்.

ரெண்டு புள்ளி ஆறு.

மறுபடி பார்த்தேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்.
சாய்த்துப் பிடித்தால்
ரெண்டு புள்ளி நாலு என்றும் சொல்லும்.
சாய்த்துப் பிடிக்கவில்லை.
ஏன் என்று இப்போதும் தெரியாது.

தாராபுரத்துக்குப் போன் போட்டேன்.
"ரெண்டு புள்ளி ஆறா?"
"ஆறுங்க."
"கொடுத்து வெச்ச ஊருங்க" என்றது போன்.

"ஏக்கருக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல வருதுங்ணா,
ஒரு லாரித் தண்ணி" என்றேன்,
என்னவோ சொல்ல வேண்டுமே என்று.
அவர் வரப்போரம் போய்
கட்டைவிரலால் மண்ணைக் குத்தினார்.
நகம் வரைக்கும் ஈரம்.
"ஒழவுக்குக் காணாதுங்.
இன்சூரன்சுக்குக் கண்டுருச்சு."

குடுவை என் கையிலேயே இருந்தது.
அளந்த மழையை என்ன செய்வது என்று
விதிகளில் ஒரு வரியும் இல்லை.
ஐம்பத்திரண்டு மில்லி.
கம்பிக்கு இடையில் கையை நீட்டினார்.
ஊற்றினேன்.
முகத்தைத் துடைத்துக்கொண்டு
வண்டியை உதைத்தார்.
மூன்றாவது உதையில் கிளம்பியது.